காதுக்குள் ஒன்பது மில்லிமீட்டர்: காக்ளியர் இம்பிளான்ட்டுக்கு முன் எதை அளக்கிறார்கள், ஏன்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிறவியிலேயே காது கேளாத குழந்தை இருக்கிற வீடுகளில், காக்ளியர் இம்பிளான்ட், அதாவது உட்காதுக்குள் மின்முனைகளைச் செருகிக் கேட்க வைக்கிற கருவி, பொருத்தலாம் என்று சொன்னாலே ஒரு பேச்சு திரும்பத் திரும்ப வரும். "பச்சை மண்ணு, அதுக்குப் போயி தலையில ஆபரேசனா? எலும்பு வளந்து கெட்டியாகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் அப்பத்தா. "அவுக ஐயாவே நாலு வயசுலதான் வாயத் தொறந்தாக" என்று பக்கத்திலிருந்து ஒருவர் சேர்த்துக்கொள்வார். எல்லாம் பிள்ளைமேல் உள்ள பாசத்தில் வருகிற பேச்சுத்தான். ஆனால் வளரட்டும் என்று அவர்கள் காத்திருக்கிற அந்த எலும்பு, குழந்தை பிறக்கும் முன்பே வளர்ந்து முடிந்துவிட்டது.

உட்காதில் கேட்கும் வேலையைச் செய்கிற காக்ளியா, கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே பெரியவர்களுக்கு இருக்கும் அளவை எட்டிவிடுகிறது. பத்து மாதக் குழந்தைக்கு ஸ்கேனில் அளந்தால் வருகிற அளவுதான் அறுபது வயதிலும் வரும். உடம்பில் இப்படிப்பட்ட உறுப்பு அபூர்வம். மண்டை ஓடு பெரிதாகும், காதுக்குப் பின்னால் இருக்கிற மாஸ்டாய்டு எலும்பு வளரும்; அதற்காகத்தான் அறுவை செய்பவர் கருவியின் வயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டு வைக்கிறார். காக்ளியாவும், அதை எட்டுவதற்கு எலும்பில் போடுகிற சிறு வழியும் பிறக்கும்போதே முழு அளவில் இருக்கின்றன.

காத்திருக்க முடியாதது மூளை. ஒலி வந்து சேராத மூளைப் பகுதியை நாளடைவில் வேறு புலன்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மூளையின் ஒலிப்பாதை சாதாரணக் குழந்தைகளைப் போல முதிர்கிறது என்றும், ஏழு வயதுக்குமேல் அது மிகக் கடினம் என்றும் ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை இலவசம். திட்டம் ஆறு வரை அனுமதிக்கிறது என்பதால் ஆறு வரை பொறுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வயதிலேயே செய்ய முடிகிற அறுவை இது.

ஒரு வயதுக் குழந்தையின் காதில் எதை, எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம்.

காக்ளியா என்பது பட்டாணி அளவே இருக்கிற ஒரு சுருள் குழாய். இரண்டரை முதல் இரண்டே முக்கால் சுற்று. உள்ளே திரவம். குழாயின் நீளம் முழுக்க ஒரு மெல்லிய சவ்வு ஓடுகிறது. அதன்மேல் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுகிற மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. கொலுசுச் சத்தம் போன்ற கூரிய ஒலிகள் குழாயின் வாசல் பக்கமே சவ்வை அதிர வைக்கும். தவிலின் தொப்பிப் பக்கத்து அடி போன்ற கனத்த ஒலிகள் உச்சிவரை போய் அங்கே அதிர வைக்கும். இந்த அலையோட்டத்தைக் கண்டு சொன்ன கியார்க் வான் பெக்கேசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் டொனால்டு கிரீன்வுட் என்பவர், சவ்வின் எந்த இடம் எந்த அதிர்வெண்ணுக்கு உரியது என்று கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார். 1990இல் அதைச் செம்மைப்படுத்தினார். வாசலில் 20,000 ஹெர்ட்ஸ், உச்சியில் 20 ஹெர்ட்ஸ், முதல் சுற்று முடிகிற இடத்தில் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸ். ஆக, காக்ளியாவில் இடம்தான் சுருதி.

பிறவிச் செவிடில் பெரும்பாலும் பழுதாவது அந்த மயிர்ச்செல்கள்தான். அதற்குப் பின்னால் நரம்பு நன்றாகவே இருக்கும். மயிர்ச்செல்களைத் தாண்டி நரம்பை நேரடியாகத் தூண்டுவதுதான் இம்பிளான்ட்டின் வேலை. சிலிக்கோன் ரப்பரில் பதித்த பிளாட்டின மின்முனைகளின் வரிசை ஒன்றைச் சுருளுக்குள் செருகுகிறார்கள். மெட்-எல் கருவியில் 12 இடங்களில் மின்முனை, அட்வான்ஸ்டு பயோனிக்ஸில் 16, காக்ளியர் நிறுவனக் கருவியில் 22. உப்புநீர் போன்ற திரவத்துக்குள் உலோகம் ஆயுள் முழுக்க மின்சாரம் பாய்ச்ச வேண்டும் என்றால் அது அரிக்கக் கூடாது, பக்கத்துத் திசுவில் ரசாயன மாற்றம் நடத்தவும் கூடாது. அதனால்தான் பிளாட்டினம்; அதனால்தான் ஒவ்வொரு துடிப்பிலும் போகிற மின்னூட்டத்துக்குச் சமமாக எதிர்த்திசையிலும் அனுப்பி ஈடுகட்டுகிறார்கள். இது முழுக்க மின்வேதியியல். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை வரவழைத்த ஊர் காரைக்குடி. மின்முனை என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இடமே சுருதி என்றால், அந்த வரிசை எவ்வளவு தூரம் உள்ளே போகிறது, எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பதுதான் முதல் கேள்வி. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. எல்லோருடைய காக்ளியாவும் ஒரே நீளமில்லை. 1938இல் ஹார்டி என்ற ஆய்வாளர் 68 காதுகளை அளந்து வெளியிட்ட கணக்கில், கேட்கும் உறுப்பின் நீளம் 25 மில்லிமீட்டரிலிருந்து 35 மில்லிமீட்டர்வரை இருந்தது, சராசரி 31.5. பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் நம் கண்ணுக்கு ஒன்றுமில்லாதது மாதிரித் தெரியலாம். மொத்தமே 30 சொச்சம் மில்லிமீட்டர் இருக்கிற இடத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. ஒருவருக்குச் சரியாகப் பொருந்துகிற வரிசை இன்னொருவருக்கு முழுதும் ஏறாமல் கொஞ்சம் வெளியே நிற்கும், அல்லது உச்சிக்கு வெகுமுன்பே நின்றுவிடும்.

சுருண்டு கிடக்கிற குழாயை உயிருள்ள மனிதரின் எலும்புக்குள் நீட்டிப் பிடித்து அளக்க முடியாது. நம் வீடுகளில் கைமுறுக்குச் சுற்றுகிற அப்பத்தா, முறுக்கின் வெளிச்சுற்று அகலத்தைப் பார்த்தே இதற்கு எவ்வளவு மாவு இழை போயிருக்கும் என்று சொல்லிவிடுவார் அல்லவா, கிட்டத்தட்ட அந்தக் கணக்குத்தான் இங்கேயும். காக்ளியாவின் முதல் சுற்றின் விட்டம் தெரிந்தால் மொத்த நீளத்தை மதிப்பிடலாம் என்று 2006இல் எஸ்குடே என்ற பிரெஞ்சு மருத்துவரும் குழுவினரும் காட்டினார்கள். சி.டி. படத்தில் வட்டச் சாளரம் என்கிற சிறு வாசலிலிருந்து, சுருளின் நடுத்தண்டு வழியாக, எதிர்ச்சுவர்வரை ஒரு நேர்கோடு. அதன் நீளத்துக்கு 'ஏ' அளவு என்று பெயர். சராசரி 9 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். சிலருக்கு 8க்குக் கீழே, சிலருக்கு 10க்கு மேலே. 2015இல் அலெக்சியாடிஸ் குழுவினர் இதிலிருந்து முழு நீளத்தைக் கணக்கிட எளிய சமன்பாடுகளைத் தந்தார்கள். 'ஏ' ஒரு மில்லிமீட்டர் கூடினால் நீளம் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கூடும் என்பது அதன் சாரம். 'ஏ' 8 என்றால் நீளம் 28, 29 வாக்கில் வரும். 9 என்றால் 32, 33. 10 என்றால் 37 வாக்கில்.

இந்தப் பெருக்கத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கோடு போடும்போது அரை மில்லிமீட்டர் தவறினால் நீளத்தில் இரண்டு மில்லிமீட்டர் தவறும். நீளமான வரிசைகளில் ஒரு மின்முனைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியே இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். அதாவது கணினித் திரையில் சுட்டியை ஒரு மயிரிழை தள்ளி வைத்தால் ஒரு முழு மின்முனையின் இடம் மாறிப்போகும். அரை மில்லிமீட்டர் தவறுவது கஷ்டமே இல்லை. வழக்கமான சி.டி. படங்கள் தலையைக் குறுக்கே வெட்டினாற்போல அடுக்கடுக்காக எடுக்கப்படுகின்றன. காக்ளியாவோ தலைக்குள் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. குறுக்குவெட்டுப் படத்தில் அப்படியே கோடு போட்டால் விட்டம் உண்மையைவிடக் குறைந்து விழலாம். படத்தைத் திருப்பி, நடுத்தண்டை நேராகப் பார்க்கிற கோணத்துக்குக் கொண்டுவந்து, சுருள் முழுதும் ஒரே தளத்தில் விரிந்து தெரியும்படி வைத்த பிறகே அளக்க வேண்டும். அடுக்குகளின் தடிமன் 0.6 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் அப்படித் திருப்பும்போது விளிம்பு மங்காமல் நிற்கும். ஓட்டோபிளான் போன்ற மென்பொருள்கள் இந்தத் திருப்பலுக்கும் கணக்குக்கும் கைகொடுக்கின்றன. ஸ்கேன் படங்களை அப்படியே சேமிக்கிற டைகாம் கோப்புகளைத் திறக்கும் சாதாரண மென்பொருளில் கையாலேயே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எதில் செய்தாலும், இருவர் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். ஐந்து நிமிட வேலை; பலன் அந்தப் பிள்ளையின் வாழ்நாளுக்கும்.

அளந்த பிறகு என்ன? மெட்-எல் நிறுவனம் 20, 24, 26, 28, 31.5 மில்லிமீட்டர் என்று பல நீளங்களில் வரிசைகள் தருகிறது. இவை வெளிச்சுவரை ஒட்டி ஓடுகிறவை. மற்ற நிறுவனங்களில் நடுத்தண்டைத் தழுவிச் சுருள்கிற வகையும் உண்டு. சிறிய காக்ளியாவில் மிக நீளமானதைத் தள்ளினால் அது முழுதாக ஏறாது. வெளியே நிற்கிற மின்முனைகள் பயனற்றவை, அணைத்து வைக்க வேண்டியதுதான். வலிந்து தள்ளினால் அதைவிடக் கேடு: நுனி மடங்கலாம், அல்லது வரிசை நடுச் சவ்வைக் கிழித்துக்கொண்டு மேல் அறைக்குத் தாவலாம். கனத்த ஒலிகள் இன்னும் கொஞ்சம் இயற்கையாகக் கேட்கிற காதாக இருந்தால், மிச்சமிருக்கிற அந்தக் கேட்கும் திறனும் அதோடு போய்விடும். அப்படி மிச்சம் உள்ளவர்களுக்குத் தெரிந்தே குட்டையான வரிசையைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. பெரிய காக்ளியாவில் குட்டையானதைப் போட்டால் உச்சிப் பக்கம் முழுக்கத் தொடாமல் கிடக்கும். கனத்த ஒலிகளுக்குரிய செய்தியை அதற்கு உரியதல்லாத, கூரிய சுருதிக்குரிய இடத்தில் கொடுக்க வேண்டிவரும். நடுவயதில் கேட்கும் திறன் இழந்து கருவி பொருத்திக்கொண்டவர்களில் சிலர், ஆரம்பத்தில் எல்லோர் குரலும் கீச்சென்று கேட்கிறது என்று சொல்வதற்கு இந்த இடமாற்றம் ஒரு காரணம். பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு ஒப்பிட வேறு ஒலி தெரியாது. கிடைப்பதை வைத்தே மூளை பழகிக்கொள்கிறது.

அப்படியானால் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவு நல்லதா? இதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆழமாகப் போனால் சுருதிப் பொருத்தம் கூடும் என்பது ஒரு பக்கம். நரம்புச் செல்களின் திரள் இரண்டு சுற்றுக்குள்ளாகவே முடிந்துவிடுகிறது, அதற்குமேல் தள்ளுவதில் ஆதாயம் குறைவு, காயம் படும் வாய்ப்பு கூடுதல் என்பது மறுபக்கம். எந்தப் பக்கம் நின்றாலும் அளக்காமல் முடிவெடுக்க முடியாது. "எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் போடுவோம்" என்று யாராவது சொன்னால், ஏன் என்று மரியாதையோடு கேட்பது பெற்றோரின் உரிமை.

தமிழ்ப் பேச்சுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். குறில் நெடில் வேறுபாடு கால அளவில் இருப்பதால் இம்பிளான்ட் வழியாக ஓரளவு எளிதாகப் பிடிபடும். ல, ள, ழ வேறுபாடு அப்படியில்லை. ஒலியின் நிறமாலையில் நுட்பமான நகர்வுகளில் அது அடங்கியிருக்கிறது. சாதாரணக் காதில் சுமார் 3,500 உள்மயிர்ச்செல்கள் செய்கிற வேலையை 12 அல்லது 22 மின்முனைகள் செய்கின்றன. அதில் ஒவ்வொன்றும் உரிய இடத்தில் உட்காருவது எவ்வளவு பெரிய விஷயம் என்று, பயிற்சி அறையில் ஒரு பிள்ளை 'பழம்' என்ற சொல்லோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நீளம் மட்டும் பார்த்தால் போதாது. பிறவிச் செவிடு உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு உட்காதின் எலும்பு அமைப்பே மாறியிருக்கும். ஒன்றரைச் சுற்றோடு நின்றுவிட்ட காக்ளியாவை 1791இலேயே கார்லோ மொண்டினி விவரித்தார். சுருளே இல்லாமல் ஒரே பையாக இருப்பது, மிகச் சிறியதாக இருப்பது, உட்காதே உருவாகாமல் போவது என்று பல வகை. 2002இல் சென்னாரோக்ளு, சாட்ஜி என்ற இருவரும் வகுத்த பாகுபாட்டைத்தான் இன்று பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். இந்தக் காதுகளில் 'ஏ' அளவுச் சமன்பாடு செல்லாது. அது வழக்கமான சுருளுக்கு எழுதப்பட்டது.

இன்னொரு அளவு, உட்காதிலிருந்து மூளைப் பக்கம் போகிற ஒரு மெல்லிய எலும்புக் குழாய். அதன் நடுப்பகுதி 1.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அகன்றது என்று 1978இல் வால்வசோரியும் கிளெமிஸும் வரையறுத்தார்கள். இப்போது 1 மில்லிமீட்டரே போதும் என்று கணக்கில் எடுப்பவர்களும் உண்டு. இது அகன்றிருக்கிற குழந்தைக்குத் தலையில் லேசாக அடிபட்டாலே இருக்கிற கேட்கும் திறனும் சட்டென்று இறங்கிவிடக்கூடும். அமைப்பு மாறிய காதுகளில் காக்ளியாவைத் திறந்தவுடன் மூளைத் தண்டுவடத் திரவம் பீய்ச்சியடிக்கவும் கூடும். அறுவை அரங்கில் அது எதிர்பாராமல் வருவது ஒன்று. முன்கூட்டியே தெரிந்து, அடைப்பதற்குத் தசைத் துணுக்கைத் தயாராக வைத்திருப்பது வேறு.

நரம்பைப் பார்க்க சி.டி. போதாது, எம்.ஆர்.ஐ. வேண்டும். சி.டி.யில் காக்ளியா நரம்பு நுழைகிற எலும்பு வாசல் 1.5 மில்லிமீட்டருக்கும் குறுகியிருந்தால் சந்தேகம் வரும். எம்.ஆர்.ஐ.யில் உட்செவிக் கால்வாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நான்கு நரம்புகள் நான்கு புள்ளிகளாகத் தெரிய வேண்டும். அதில் காக்ளியா நரம்பின் புள்ளி முகநரம்பின் புள்ளிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்தப் புள்ளியே இல்லையென்றால் எவ்வளவு அழகாக மின்முனை செருகினாலும் செய்தி போய்ச் சேர வழியில்லை. நரம்பைத் தாண்டி மூளைத்தண்டிலேயே மின்முனை வைக்கிற மூளைத்தண்டு இம்பிளான்ட் பற்றித்தான் பேச வேண்டிவரும். இதை அறுவைக்குப் பிறகு தெரிந்துகொள்கிற நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது.

மூளைக்காய்ச்சல் வந்து கேட்கும் திறன் போன குழந்தைகள் விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. காய்ச்சலுக்குப் பின் சில வாரங்களிலேயே காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து குழாய் அடைபட ஆரம்பிக்கலாம். "எலும்பு வளரட்டும்" என்ற பேச்சு நேரெதிராகத் திரும்பி அடிக்கிற இடம் இது.

சொந்தத்தில் பெண் எடுப்பதையும் சொல்லாமல் விட முடியாது. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டிக்கொள்வது தென் தமிழ்நாட்டில் பல சமூகங்களில் உண்டு. செட்டிநாடு அதற்கு விலக்கல்ல. இருவழியிலும் ஒரே மரபணுக் குறை வந்து சேர்ந்து பிறவிச் செவிடு உண்டாகும் வாய்ப்பு இதில் கூடுகிறது. இந்தியாவில் பரவலாகக் காணப்படும் ஜி.ஜே.பி.2 மரபணுக் குறையில் எலும்பு அமைப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், நரம்பும் நன்றாக இருக்கும், இம்பிளான்ட் நல்ல பலன் தரும். மூத்த பிள்ளைக்கு இருந்தால் அடுத்த பிள்ளைக்குப் பிறந்த சில நாட்களிலேயே, உட்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனையும், பிறகு ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டுவரை போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையும் எடுத்துவிடுங்கள். இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன், இது உண்மையாகவே பலரை அலைக்கழிக்கிறது. காரைக்குடியில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, அறுவைக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ, பல்லவன் ரயில் பிடித்துச் சென்னைக்கோ போகிறவர்கள் பெரிய கவரில் பிலிமை மட்டும் எடுத்துப் போகிறார்கள். பிலிமில் அச்சாவது தேர்ந்தெடுத்த சில படங்கள். அதைத் திருப்ப முடியாது, கோணம் மாற்ற முடியாது, 'ஏ' அளவை நம்பி எடுக்க முடியாது. அங்கே போய் மறுபடி ஸ்கேன், மறுபடி மயக்க மருந்து, குழந்தைக்கு மறுபடி கதிர்வீச்சு. ஸ்கேன் எடுக்கும் இடத்திலேயே, "டெம்போரல் போன் எச்.ஆர்.சி.டி., மெல்லிய அடுக்கு, டைகாம் டிஸ்கில் எல்லாப் படமும் வேணும்" என்று கேட்டு வாங்குங்கள். பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். முந்தைய இரவு குழந்தையைத் தாமதமாகத் தூங்கவைத்து, அதிகாலையில் எழுப்பிக் கூட்டிப் போனால் சி.டி.க்கு மயக்க மருந்து இல்லாமலே முடிந்துவிடக்கூடும். படம் எடுப்பது சில விநாடிகள்தான். எம்.ஆர்.ஐ.க்கு நேரம் அதிகம், பெரும்பாலும் மயக்கம் தேவைப்படும். அதனால் எத்தனை மணியிலிருந்து பால் கொடுக்கக் கூடாது என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

அறுவை முடிந்த பிறகு எக்ஸ்ரேயில் வரிசை எத்தனை பாகை சுற்றியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு சுற்று 360 பாகை. எந்த மாடல், எவ்வளவு நீளம், எத்தனை மின்முனை உள்ளே என்ற விவரங்கள் உள்ள அட்டையைப் பத்திரமாக வையுங்கள். செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் மேப்பிங் செய்யும்போது, அதாவது ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்சாரம் என்று அமைக்கும்போது, அதைக் கேட்பார். பிற்பாடு எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், உள்ளே காந்தம் இருப்பதால் ஸ்கேன் மையத்திலும் கேட்பார்கள். அமைப்பு சரியாக உள்ள காதுகளில் இடமும் வலமும் ஏறத்தாழ ஒரே அளவுதான் என்பதால், பிற்பாடு ஒரு நாள் இரண்டாவது காதுக்கும் செய்ய வாய்த்தால், அப்போது எந்த நீளம் பொருந்தும் என்ற யோசனையை இந்தப் பழைய டைகாம் டிஸ்கிலிருந்தே தொடங்கலாம்.